நேர்முக வர்ணனையும் ஒரு மாணவியும்

2025 நவம்பர் 2ஆம் நாள் இரவு. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று, இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாக உலகக் கோப்பையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. திருவொற்றியூரில் நம் தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஷஃபாலி வர்மாவின் 87 ரன்களைப் பற்றியும், அரைச் சதத்தோடு 5 விக்கெட்டுகளையும் எடுத்த தீப்தி சர்மாவைப் பற்றியும் மறுநாள் எல்லோரும் பேசினார்கள். நமக்கோ அதன் பிறகு நடந்த ஒன்றுதான் மனத்தில் நின்றது.

கோப்பையோடு மைதானத்தை வலம்வந்த பெண்கள் ஓரிடத்தில் நின்றார்கள். அங்கே ஒளிபரப்புப் பணிக்காக வந்திருந்த முன்னாள் வீராங்கனைகள் இருந்தார்கள்: அஞ்சும் சோப்ரா, மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி. அன்றைய வேலைக்கு அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது ஒலிவாங்கி. ஆடியவர்கள் தங்கள் கோப்பையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஜூலன் கண்ணீரை மறைக்கவில்லை. ஆட்டத்தை விவரிக்க வந்தவர்கள் அந்தச் சில நிமிடங்களுக்கு ஆட்டத்தின் உள்ளே போய்விட்டார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த நமக்கு மகிழ்ச்சியோடு ஒரு குற்ற உணர்வும் எழுந்தது. ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டவர்கள் நாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதை மட்டும் தனியே சொன்னால் விளங்காது.

*

நாம் பிறந்து வளர்ந்தது ராயபுரம். 1856இல் திறக்கப்பட்ட இரயில் நிலையம், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் காற்று, துறைமுகத்தின் சங்கொலி ஆகியவற்றோடு சேர்ந்து அந்த வட்டாரத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது மேடை. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. கட்சிக் கூட்டமோ, கோயில் திருவிழாவோ, மன்ற ஆண்டுவிழாவோ, தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டாத மாதம் ஒன்று இருந்ததாக நினைவில்லை. தமிழை நாம் முதலில் கற்றது புத்தகத்திலிருந்து அன்று, குழாய் ஒலிபெருக்கியிலிருந்து.

இன்னொரு பள்ளி, நம் தந்தையாரின் வானொலிப் பெட்டி. துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து வருபவர், சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் தூங்கமாட்டார். 1988 பொங்கல் சமயத்தில் நரேந்திர ஹிர்வானி என்னும் புதிய பையன் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 16 விக்கெட்டுகளை வீழ்த்தியதை நாம் காதால்தான் கண்டோம். 1999 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சச்சின் 136 ரன்கள் எடுத்து ஆட்டமிழந்தபின், வெறும் 12 ரன்களில் தோற்றதும் அப்படியே. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி என்று சென்னை வானொலியின் தமிழ் வர்ணனையாளர்களை அந்தத் தலைமுறை தன் உறவினர்களைப்போல் அறிந்திருந்தது. ஆங்கிலச் சொற்கள் நிறைந்த ஒரு விளையாட்டை, மீன் ஆய்கிறவருக்கும் இஸ்திரி போடுகிறவருக்கும் புரியும்படி, அதே சமயம் தமிழ் கெடாமல் சொல்லிக்கொண்டு போன அவர்களை இன்றும் வியக்கிறோம். பின்னாளில் தமிழ் இலக்கியம் படிக்கப் போனதற்கு அந்தக் குரல்களும் ஒரு காரணம்.

தெருமுனை மேடையிலும் சரி, வானொலியின் நேர்முக வர்ணனையிலும் சரி, நாம் கேட்ட குரல்கள் எல்லாம் ஆண் குரல்கள் என்பது அப்போது உறைக்கவே இல்லை. கடல் உப்புக் கரிப்பதுபோல் அது இயல்பாக இருந்தது.

தெருக் கிரிக்கெட்டில் பெண்பிள்ளைகளான நமக்கு ஒரு பதவி உண்டு. ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு அணியிலும் சேராத, அவுட் ஆனாலும் கணக்கில் வராத, சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துவருவதற்கு மட்டும் கட்டாயமாகத் தேவைப்படுகிற ஆள். பருவம் அடைந்தபின் அந்தப் பதவியும் போயிற்று. அதன்பிறகு திண்ணையிலிருந்து பார்த்தோம். சிறிது காலம் கழித்து ஜன்னலிலிருந்து.

*

நாம் ஜன்னலுக்குப் போன அதே ஆண்டுகளில், 1995இல், தில்லியைச் சேர்ந்த ஒரு பெண் தம் 17ஆம் வயதில் நியூசிலாந்தில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். இடக்கை மட்டையாளர். பெயர் அஞ்சும் சோப்ரா. அவரைப் பற்றி அந்த நாளில் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அப்போது பெரிய வாரியத்தின் கீழ் இல்லை. 1973இல் தொடங்கப்பட்ட தனிச் சங்கம் ஒன்று, கையில் காசில்லாமல், அதை நடத்திவந்தது. 2006இல்தான் அது வாரியத்தோடு இணைந்தது. 2005 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி ராஜ் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த உலகக் கோப்பையில் இந்தியா இறுதிப்போட்டி வரை சென்றது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆயிரம் ரூபாயின் கனம் தெரியும். 2022இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்டக் கட்டணம் சமமாக்கப்பட்டு, டெஸ்டுக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம் என்று ஆனது பிற்காலக் கதை.

அஞ்சும் 127 ஒருநாள் ஆட்டங்களும் 12 டெஸ்டுகளும் ஆடினார். 2002 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில், வெளிநாட்டு மண்ணில் இந்தியப் பெண்கள் முதன்முதலாக ஒரு டெஸ்டை வென்றபோது அவரே தலைவி. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் டான்டன் நகரில் ஒரு டெஸ்ட். அதிலும் அவரே தலைவி. அந்த ஆட்டத்தில் 19 வயதுப் பெண் ஒருத்தி 407 பந்துகளைச் சந்தித்து 214 ரன்கள் எடுத்தார். பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் அன்றைய நாளுக்கு அதுவே உலகச் சாதனை. இந்திய விமானப் படையில் பணியாற்றிய தமிழர் துரைராஜின் மகள், ஜோத்பூரில் பிறந்து செகந்தராபாத்தில் வளர்ந்த மிதாலி ராஜ்தான் அந்தப் பெண்.

அந்த 214ஐ நாம் பார்க்க முடியாது. தொலைக்காட்சி அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. சச்சின் 136 எடுத்ததன் ஒவ்வொரு பந்தும் எங்கோ பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மிதாலியின் 407 பந்துகளும் அன்று மைதானத்தில் இருந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. சங்கப் பாடல்களைக் கற்பிக்கிற நமக்கு இது புதிய துயரமன்று. எத்தனையோ புலவர்களை அவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரை வைத்தே பெயரிட்டு அழைக்கிறோம். இயற்பெயர் போயே போயிற்று. பாட்டாவது எஞ்சியது. இங்கே எஞ்சியிருப்பது எண் மட்டும்.

நம் ஊர்க் கதையும் அதுவே. 2013 ஜனவரி 31 அன்று மும்பை பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சென்னைப் பெண் திருஷ் காமினி 100 ரன்கள் எடுத்தார். பெண்கள் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியர் அவர். மறு ஆண்டு நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ரன்கள் எடுத்தார். பூனம் ராவுத்தோடு இரண்டாம் விக்கெட்டுக்கு அவர் சேர்த்தவை 275 ரன்கள். இந்த இரண்டு செய்திகளையும் நாம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், அடியில், சில வரிகளாகத்தான் படித்தோம். இரட்டைச் சதத்துக்கு 8 ரன் இருக்கையில் அந்தப் பெண் எப்படி ஆட்டமிழந்தார், திரும்பி நடக்கும்போது முகம் எப்படி இருந்தது என்று சொல்ல நமக்கு யாரும் இல்லை. ஹிர்வானியின் பதினாறாவது விக்கெட் நம் காதில் இன்னும் ஒலிக்கிறது. காமினியின் 192 ஒலியே இல்லாத எண்.

*

இப்படி யாரும் பார்க்காத, யாரும் விவரிக்காத ஆட்டங்களை ஆடிய பெண்கள்தாம் பிறகு விவரிப்பவர்களாக வந்தார்கள். இதில் உள்ள முரணை எண்ண எண்ணப் பெருகுகிறது.

முன்னோடி ஒருவர் உண்டு. இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவர் சி.கே. நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு. தாமும் மட்டை பிடித்தவர். இந்தூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, மகளிர் கல்லூரி ஒன்றின் முதல்வராக ஓய்வு பெற்றவர். 1977இல் பம்பாய் அணியும் எம்.சி.சி. அணியும் மோதிய ஆட்டத்தில் வர்ணனை செய்தார். இந்தியாவின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 2021 ஏப்ரல் 4 அன்று அவர் மறைந்தபோதுதான் அவரைப் பற்றி நாம் படித்தோம். வகுப்பறையில் நின்று பேசும் ஒரு பெண், கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினார் என்பது நமக்குத் தனிப்பட்ட முறையில் வெட்கத்தையும் பெருமையையும் ஒருங்கே தந்தது. வெட்கத்தின் காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

அதன்பின் நெடிய இடைவெளி. 2003 உலகக் கோப்பையின்போது தொலைக்காட்சியில் மந்திரா பேடி தொகுப்பாளராக வந்தார். அவர் கேட்ட கேள்விகளைவிட அவர் அணிந்த ஆடைகளைப் பற்றியே ஊர் பேசியது. பெண் என்றால் ஆட்டத்துக்கு வெளியே இருந்து வந்து அலங்காரமாக அமர்பவள் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தில் விரிசல் விழுந்த ஆண்டு என்று 2015ஐச் சொல்லலாம். அவ்வாண்டு ஐ.பி.எல். ஆங்கில வர்ணனைக் குழுவில் நான்கு பெண்கள் இடம்பெற்றார்கள். அஞ்சும் சோப்ரா, இங்கிலாந்தின் ஈஷா குஹா, ஆஸ்திரேலியாவின் லிசா ஸ்தலேகர், மெலனி ஜோன்ஸ். நால்வரும் தத்தம் நாட்டுக்காக ஆடியவர்கள். புனேயில் பிறந்து, தத்தெடுக்கப்பட்டு ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஸ்தலேகர், காமினி சதம் அடித்த அதே பிரபோர்ன் மைதானத்தில், அதே 2013 உலகக் கோப்பையின் இறுதிப்போட்டியில், கடைசி விக்கெட்டுக்கான பந்தைப் பாய்ந்து பிடித்துவிட்டு ஓய்வை அறிவித்தவர். ஈஷா குஹா 2009 உலகக் கோப்பையை வென்ற அணியில் பந்து வீசியவர்.

வர்ணனை அறையின் வேலைமுறையை அறிந்தால்தான் இவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரியும். வானொலி வர்ணனையாளர் கேட்பவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். எனவே அவர் ஓயாமல் பேசியாக வேண்டும். தொலைக்காட்சியில் கண் நம்மிடமே இருக்கிறது. அங்கே பெரும்பாலும் இருவர் அமர்கிறார்கள். ஒருவர் நிகழ்வதைச் சொல்பவர். மற்றவர் அது ஏன் நிகழ்ந்தது என்று சொல்பவர். இரண்டாம் நாற்காலி ஆடிப் பழகியவருக்கானது. காதில் இயக்குநரின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். மறு ஒளிபரப்பின் சில நொடிகளுக்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த பந்து கையை விட்டுப் புறப்படும்போது வாயை மூடிவிட வேண்டும். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். எப்போது பேசுவது என்பதைவிட எப்போது பேசாதிருப்பது என்பதே கற்கக் கடினமான பாடம்.

அஞ்சும் சோப்ராவின் வர்ணனையை நாம் கேட்ட அளவில், அதில் ஆரவாரம் குறைவு. ஒரு மட்டையாளர் அடித்தபின் அதைப் புகழ்வதைவிட, அடிப்பதற்கு முன் அவர் கால் எங்கே இருந்தது என்று சொல்வதில் அவருக்கு அக்கறை. பந்துக்குப் பின்னால் பேசுகிறவர்கள் பலர். பந்துக்கு முன்னால் பேசுகிறவர்கள் சிலர். அப்படிப் பேச ஆடியிருக்க வேண்டும். அல்லது ஆடுகிறவர்களை நெடுநாள் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பார்வையாளர் இல்லாத மைதானங்களில் பல ஆண்டுகள் ஆடிய ஒருவருக்கு இந்த உற்றுநோக்கல் கூடுதலாகவே வாய்த்திருக்கும் என்று தோன்றுகிறது. வெளியே எவரும் பார்க்காதபோது, ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

*

இனி நம் கதை.

2011 என்று நினைவு. கல்லூரி விளையாட்டு விழா. தமிழ்த் துறைக்கும் வணிகவியல் துறைக்கும் இறுதிப்போட்டி, பத்து ஓவர், டென்னிஸ் பந்து. ஆண்கள் ஆட்டம். மேடையும் ஒலிவாங்கியும் நம் பொறுப்பில் இருந்தன. வர்ணனை செய்யவேண்டிய மாணவர் வந்துசேரத் தாமதமானது. நம் துறை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, கேட்காமலே ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள். எண்ணூர்ப் பக்கத்துப் பெண். தந்தை கன்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுக வாயிலில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் லாரிகளில் ஒன்றில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வருவாள். கல்லூரிப் பெண்கள் அணியில் விக்கெட் காப்பாளராக இருந்தாள். பதினொரு பேர் சேராமல் அந்த அணி அவ்வாண்டே கலைந்துபோயிருந்தது.

அவள் பேசியது நம் காதில் விழுந்த அளவில் இது:

"தோ பாரு, மிட்விக்கெட்ல நிக்கிறவன் ரெண்டு அடி உள்ள வந்துட்டான். பௌலரு விரல மாத்திப் புடிக்கிறான். மெதுவாப் போடப் போறான். அடிக்காத, அடிக்காத... தூக்கிட்டான்! போச்சா?"

போயிற்று. பந்து உயரே எழும்பி, உள்ளே வந்து நின்றவன் கையிலேயே விழுந்தது. மைதானமே ஆர்ப்பரித்தது. பந்தை வீசியவனே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மேடையில் இருந்த விருந்தினர் ஒருவர் முகம் சுளித்தார். நமக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. அப்துல் ஜப்பாரையும் கூத்தபிரானையும் கேட்டு வளர்ந்த காது இது. இந்தக் கொச்சையைத் தமிழ்த் துறை மாணவி, ஒலிபெருக்கியில், விருந்தினர் முன்னிலையில் பேசலாமா? இறங்கிப்போய், "இது நேர்முக வர்ணனை இல்லம்மா, தெருச் சண்டை. குடு" என்று சொல்லிக் கையை நீட்டினோம். "சரிங்கம்மா" என்றாள். கொடுத்துவிட்டாள். அதற்குள் வந்துவிட்ட மாணவர், பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் வாங்கியவர், "அன்பார்ந்த இரசிகப் பெருமக்களே!" என்று தொடங்கினார். அவருடைய தமிழில் ஒரு பிழை இல்லை. மட்டை பிடித்து நின்றவன் பெயர் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எஞ்சிய ஆட்டம் முழுக்க, பந்து எல்லைக்கோட்டைக் கடந்தபின் அது கடந்துவிட்டது என்று நமக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

அன்று நாம் மொழியைக் காப்பாற்றியதாகவே நினைத்தோம். பல ஆண்டுகள் இதை மறந்தும்போனோம்.

*

2024 ஜூன் கடைசியில் சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் நடந்தது. 1976க்குப் பிறகு அந்த மைதானத்தில் நடந்த முதல் பெண்கள் டெஸ்ட். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149, முதல் விக்கெட்டுக்கு 292. இந்தியா 6 விக்கெட் இழப்புக்கு 603 ரன்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. பெண்கள் டெஸ்டில் எந்த அணியும் எடுத்திராத எண்ணிக்கை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மெட்ரோ இரயிலில் ஏறி நாமும் போனோம்.

மைதானத்தில் வர்ணனை கிடையாது என்பது நமக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது! ஸ்நேஹ் ராணா சுழற்பந்து வீசி அந்த இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகளை எடுத்தார். கண்ணெதிரே நடந்தது. ஆனால் எப்படி எடுக்கிறார் என்பது நமக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "இப்ப நேரா வரும் பாருப்பா. அவங்க திரும்பும்னு நெனச்சு ஆடுவாங்க." அவள் பேச்சைக் கேட்கக் கேட்க ஆட்டம் திறந்துகொண்டது. பாதி நாள் அவள் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, கூச்சமின்றி ஒட்டுக்கேட்டோம். அப்போதுதான் அந்தக் குரல் திரும்பி வந்தது. மிட்விக்கெட்ல நிக்கிறவன் ரெண்டு அடி உள்ள வந்துட்டான்.

நாம் தெருச் சண்டை என்றது உண்மையில் எதை? மொழியையா, மொழியைப் பேசியவளையா? வர்ணனைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று பார்வை, மற்றது சொல். சொல்லைப் பழக்கிக்கொள்ளலாம், அதற்குத்தான் நாம் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறோம். பார்வையைக் கற்பிக்க நம்மால் முடியாது. பார்வை இருந்தவளிடம் சொல் இல்லை என்று அனுப்பிவிட்டு, சொல் இருந்தவனிடம் பார்வை இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்டோம்.

இதில் நம் மொழி எவ்வகையிலும் தடையாக இருக்கவில்லை என்பது இன்னும் வேதனை. கிரிக்கெட் விதிகளைப் பேணும் எம்.சி.சி., ஆணை மட்டும் குறித்த ஆங்கிலச் சொல்லை விட்டு, இருபாலருக்கும் பொதுவான 'பேட்டர்' என்ற சொல்லை விதிகளில் சேர்த்தது 2021 செப்டம்பரில். தமிழில் மட்டையாளர், பந்து வீச்சாளர், வர்ணனையாளர் என்று நாம் சொல்லிவந்த எந்தச் சொல்லிலும் ஆண் இல்லை, பெண் இல்லை. 'ஆளர்' என்னும் ஈறு யாருக்கும் இடம் கொடுக்கும். அந்த இடத்தில் யாரை அமர்த்துவது என்பதை இலக்கணம் முடிவு செய்யவில்லை. ஒலிவாங்கியைக் கையில் வைத்திருந்த நம்மைப் போன்றவர்கள் முடிவு செய்தோம்.

2017இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டு அலைவரிசை வந்தது. அதன்பின் தமிழ் வர்ணனையில் பேச்சுமொழி தாராளமாகப் புழங்குகிறது. சில வேளைகளில் வெற்று அரட்டையாகிவிடுகிறது என்ற குறை நமக்கு உண்டு. ஜப்பாரின் நடைக்காக ஏங்குகிறோம். இருந்தும், எண்ணூர்ப் பெண் அன்று பேசியது அரட்டை அன்று. ஒவ்வொரு தொடரிலும் ஒரு செய்தி இருந்தது.

*

உலகக் கோப்பை இரவுக்கு இரண்டு நாள் கழித்து, பழைய மாணவர்கள் சிலரிடம் கேட்டு அவளுடைய எண்ணைப் பெற்றோம். இப்போது மணலிப் பக்கம் சரக்குப் பெட்டகக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். குரல் மாறவில்லை. கோப்பையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். மூவர் கையில் கோப்பையைக் கொடுத்ததை அவளும் பார்த்திருந்தாள். "அஞ்சும் மேடம் பேசுனா நான் சவுண்ட் வெச்சுக் கேப்பேம்மா, மத்தவங்க பேசுனா கொறச்சிருவேன்" என்றாள். பிறகு நாம், தயங்கித் தயங்கி, அந்த நாளைப் பற்றிச் சொன்னோம். அன்று செய்தது தவறு என்றோம்.

சிறிது நேரம் பதில் இல்லை. பின்னால் லாரி பின்வாங்கும் ஒலி கேட்டது.

"ஐயோ, அதெல்லாம் எப்பவோம்மா. அதப் போயி நெனச்சுக்கிட்டு..." என்று சிரித்தாள். தொலைபேசியை வைக்கப் போகும்போது தானாகவே சொன்னாள்: "அந்த ஓவர்ல இன்னும் மூணு பால் இருந்துச்சும்மா. அதையாவது முடிச்சுட்டுக் குடுத்துருக்கலாம்."

14 ஆண்டுகள் கழித்தும் எத்தனை பந்து மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு ஆண்டு மட்டுமே, அதுவும் தோராயமாக, நினைவிருந்தது.

இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முன்பாக உடற்கல்வி இயக்குநரைச் சந்தித்து, கிரிக்கெட் வர்ணனையைப் பெண்கள் அணியில் ஆடும் ஒருத்திக்குக் கொடுக்கலாமே என்று கேட்டோம். இப்போது கல்லூரியில் பதினொரு பேர் சேருகிறார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். தடையாக இருந்தது அவர் அல்லர் என்பது நமக்குத் தெரிந்ததுதான். வந்த பெண், "எப்படிப் பேசணும்மா? தூயதமிழ்ல பேசணுமா?" என்று கேட்டாள். நிகழ்வதைப் பார்த்துச் சொல், சொல்வது எல்லோருக்கும் புரியட்டும், பந்து வரும்போது பேசாதே என்று மூன்று செய்திகள் மட்டும் சொன்னோம். கடைசிச் செய்தி நம்முடையதன்று; வர்ணனை அறைகளில் சொல்லப்படுவது. தமிழைத் திருத்த வேண்டும் என்று நாக்கு நமநமத்தது. ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டோம், ஆட்டம் முடிந்தபின் கொடுப்பதற்காக.

அவள் கடைசி ஓவரின் கடைசிப் பந்து வரை பேசினாள்.